ஆறாவது உயிர்

ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அறுபத்தொரு சொற்களை அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். அறுபத்திரண்டாவதில் இரண்டோடு நின்றுவிட்டாள். அடுக்களையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்த வில்லவனுக்கு மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது. கூடத்தில் சத்தமே இல்லை. ஃபேனை நிறுத்தியாகிவிட்டது, ஃபிரிட்ஜைப் பிடுங்கியாகிவிட்டது, சொட்டுகிற குழாய்க்குக் கீழே துணி போட்டாகிவிட்டது, எல்லாம் பதிவாகிற மனைவியின் குரலுக்காக. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் பத்தரை மணி வெயிலுக்கு இது ஒன்றும் புதிதல்ல, ஆனால் தன் வீட்டிலேயே ஒருவன் வந்து காற்றை நிறுத்தச் சொல்லி, தான் அதற்குத் தலையாட்டியது புதிது. மடியில் கிடந்த பட்டியலைப் பார்த்தார். அந்தச் சுமத்ராக்காரன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த படி, அச்சுக் கோத்ததுபோல் தமிழ். ஒவ்வொன்றுக்கும் தான் பிறந்த ஊர்ச் சொல்லை அவள் சொல்ல வேண்டும். அறுபது, மலை. அறுபத்தொன்று, மூன்று. அறுபத்திரண்டு, அன்பு. மலையில் நிற்காதவள், மூன்றில் நிற்காதவள், அங்கே ஏன் நின்றாள்? மூச்சு வாங்கியிருக்கும், அறுபத்து மூன்று வயது, சர்க்கரை வேறு, காலையில் மாத்திரை போட்டாளா தெரியாது. அப்படியானால் ஐம்பதிலேயே நின்றிருக்க வேண்டுமே, ஐம்பத்தைந்து நீளமான சொல், அதில் நின்றிருக்க வேண்டுமே. பிறகு மூன்றாவது முறையும் வந்தது. “ஙெனா.” முதல் இரண்டும் வாயிலிருந்து வந்தவை, இது எங்கோ கீழேயிருந்து, செருமலோடு வந்தது. வில்லவன் விரலை மடக்கினார். மடக்கிய விரல் வலித்தது.

ஙகரத்தில் தொடங்குகிறது ஒரு சொல். இதற்கே அவருக்குக் கோபம் வந்தது. தமிழில் அந்த எழுத்துக்கு அரிச்சுவடியில் ஓர் இடம், ககரத்துக்கு முன்னால் ஓர் ஒட்டு, அவ்வளவுதான் வேலை. அவர்கள் ஊரில் அது சொல்லுக்குத் தலைவனாக நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நிற்கிறது. மெய் அப்படி என்றால் உயிர் ஆறே ஆறு. குறில் இல்லை, நெடில் இல்லை. “ஆறுதானா, தம்பி?” என்று காலையில் சற்று இளக்காரமாகவே கேட்டார். “ஆறுதான் ஐயா. ஆனால் ஆறாவது உயிர் தமிழில் இல்லை,” என்றான் அவன். இல்லையாமே. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் என்று தொடங்கினால் கூட்டம் எழுந்து நிற்கும், திருவாரூரில், வேதாரண்யத்தில், மன்னார்குடியில் மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசியிருக்கிறார், அந்த வில்லவனிடம் வந்து ஓர் உயிர் இல்லை என்கிறான். “குற்றியலுகரமாக இருக்கும்,” என்றார். அவன் பணிவாகச் சிரித்தான். “அருகில் வருகிறது ஐயா. ஆனால் அது அன்று.” அது அன்று! இந்தத் தெருவில், இந்த ஊரில், அவருடைய கட்சியிலேயே எவன் வாயிலும் ‘அன்று’ என்ற சொல் வந்து முப்பது வருஷம் ஆகிறது. கொடியும் காரும் கிடைத்தவன் எல்லாம் பேரப்பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மேடையில் தமிழ்த்தாய்க்குக் கண்ணீர் விடுகிறான். சிதம்பரத்தில் மொழியியல் படிக்க வந்த சபார் கிந்திங் என்கிற முப்பது வயது அயலான் மட்டும், யாரும் பேசாத அந்தத் தமிழைப் பேசிக்கொண்டு, அவர் வீட்டுக் கூடத்தில் அவர் மனைவிக்கு முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மைக். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை, அதனால்தான் அடுக்களைக்கு வந்தார் (காபி போடுவதுபோல எழுந்து வந்தார், அடுப்பும் பற்ற வைக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது). கட்டைவிரல் நீளம்கூட இல்லை, பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தது. இது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், சுமத்ராவின் மேடான் நகரத்தில் ஒரு கல்லூரியில் கணினியில் ஏற்றி வைப்பார்கள், நூறு வருஷம் கழித்தும் ஒருவன் பித்தானை அமுக்கினால் அவள் பேசுவாள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் சுமத்ராவை விட்டு வந்தவள் என்பதால் அந்தக் காலத்துக் கரோ மொழி அவள் வாயில் கெடாமல் இருக்கிறதாம், அங்கே உள்ளவர்கள் வாயில் எல்லாம் கலந்துவிட்டதாம். கெடாமல்! எங்கே வைத்திருந்தாள்? வில்லவனின் குரல் எந்த நாடாவிலும் இல்லை. அறுபத்தைந்தில் நாகை ரயில் நிலையத்துப் பலகையில் தார்ச்சட்டியோடு ஏறி இந்தி எழுத்தை அழித்துவிட்டு, அங்கேயே நின்று முக்கால் மணி நேரம் பேசினாரே, அதை எவன் வைத்திருக்கிறான்? நான்கு மாதம் கடலூர் சிறையில் கொட்டடிக்குக் கொட்டடி கேட்கும்படி பேசினாரே? காற்று கொண்டுபோய்விட்டது. அவருக்கு மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தவள், துண்டறிக்கையை மடித்துக் கொடுத்தவள், மேடைப் பக்கமே வராதவள், அவளுடைய ‘நாய்’, ‘பூனை’, ‘வாழைப்பழம்’ நூறு வருஷம் இருக்கும்.

“எழுபது. மலையுச்சி,” என்றது சபாரின் குரல். அவள் சொன்னாள். சொன்ன சொல்லில் அந்த ஆறாவது உயிர் இரண்டு இடத்தில் இருந்தது. வில்லவன் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் ‘தெலெங்’ என்று எழுதினார். அது இல்லை. ‘தலங்’. அதுவும் இல்லை. ‘துலுங்’. மூன்றையும் அடித்தார். வாய் திறந்தும் திறக்காமலும், உதடு குவியாமல், நாக்கு எங்கேயும் தொடாமல், தூங்கப்போகிறவள் கடைசியாக விடுகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம். நாற்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவள் வாய் அப்படிப் போய் அவர் பார்த்ததில்லை. தானும் சொல்லிப் பார்த்தார், மெதுவாக, உதட்டுக்குள். உகரம் வந்தது. மறுபடி சொன்னார். அகரம் வந்தது. நாற்பது வருஷம். அதில் மூன்றாவது நாள்தான் அது நடந்தது. சீர்திருத்தத் திருமணம் முடிந்து மூன்றாம் நாள், இதே அடுக்களையில், மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டா, பேச்சா தெரியவில்லை. “என்ன அது?” என்றார். “அங்கத்திப் பேச்சு,” என்று சொல்லிச் சிரித்தாள். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, சிறைக்குப் போய்வந்தவர், தாரின் வாடை இன்னும் கையில் இருந்தது. “இந்த வீட்டில் தமிழைத் தவிர வேறு சொல் கேட்கக்கூடாது,” என்றார். இந்தியைத்தான் நினைத்தார், வடமொழியை நினைத்தார், இங்கிலீஷை நினைத்தார். சுமத்ரா மலையில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பேசுகிற ஒன்றை அவர் எங்கே நினைத்தார்? அவள் தலையாட்டினாள். அடுத்த வாரம் அதையே பலகையில் எழுதி வாசலில் மாட்டினார், ‘இவ்வில்லத்தில் தமிழே பேசப்படும்.’ அதற்குப் பிறகு ஒருநாள்கூட, காய்ச்சலில்கூட, கயற்கண்ணி பிறந்தபோது வலியில்கூட, வேறு சொல் வந்ததில்லை. அதை வெற்றி என்று நினைத்திருந்தார்.

இன்று காலையில் சபார் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, எழுத்துக்கூட்டாமல் படித்து, செருப்பைக் கழற்றாமலேயே கேட்டான். “ஐயா, இவ்வில்லத்தில் தமிழே பேசப்படும் என்றிருக்கிறது. அம்மையாருடன் கரோ மொழியில் பேச எனக்கு ஒப்புதல் உண்டா?” தெருவில் கீரைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது? “ஆய்வுக்குத்தானே. இரண்டு மணி நேரம் பேசுங்கள்,” என்றார் பெரிய மனசோடு. சிதம்பரத்தில் மெஸ் நடத்துகிற அவர் தங்கை மகன்தான் இவனைப் பிடித்து அனுப்பியவன், போனில் அவனிடம் சம்மதம் சொன்னவள் அவள், அவருக்குத் தெரிந்தது நேற்றுத்தான், அதுவும் நேராக இல்லை. அப்புறம் அந்த இரண்டு பேரும் செய்ததுதான் வேடிக்கை. வணக்கம் இல்லை, உட்காருங்கள் இல்லை, வாசலிலேயே நின்று ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அவன் ஒன்று கேட்டான், அவள் ஒன்று சொன்னாள், அவன் கண் விரிந்தது, இன்னொன்று கேட்டான், அவள் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், அதன் பிறகுதான் அவன் உள்ளே காலை வைத்தான். “எங்கள் வழக்கம் ஐயா,” என்று விளக்கினான். “உறவு முறை தெரியாமல் பேச்சைத் தொடங்க மாட்டோம். எந்தக் குலம், தாய் எந்தக் குலம், எல்லாம் கேட்டு முறை வைத்த பிறகே வணக்கம். அம்மையார் கிந்திங் குலத்துப் பெண். நானும் கிந்திங். ஆகவே எனக்கு அத்தை. எங்கள் சொல்லில் பிபி. தாங்கள் அத்தையின் கணவர், மாமா. பெங்கிலா.” “குலமா? இவளுக்கா? இவள் அப்பா அங்கே கபன்ஜாகே ஊரில் மாட்டுவண்டி ஓட்டிய நம் கள்ளிமேட்டு வைரப்பன்,” என்றார் வில்லவன். “வெளியாருக்கும் குலம் தருவதுண்டு பெங்கிலா. பெரும்பாலும்…” என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மைக்கின் தொப்பியைச் சரிசெய்யக் குனிந்துகொண்டான்.

பெரும்பாலும் என்ன? பெரும்பாலும் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வரும்? பெரும்பாலும் நல்லவர்களுக்கு, பெரும்பாலும் அனாதைகளுக்கு, பெரும்பாலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது. வில்லவன் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். கடைசியாக வைத்ததுதான் எங்கும் முட்டாமல் பொருந்தியது. பேர் விஷயம் வேறு இருக்கிறது. விசாலாட்சியாக வந்தவளுக்கு மணமேடையில் யாழ்மொழி என்று பேர் வைத்தவர் அவர். கோதண்டபாணி என்ற தன் பேரைத் தூக்கி எறிந்தவர், அவளுடையதையும் எறிந்து புதுப்பேர் வைத்தபோது, வெள்ளைத் தாளில் முதல் எழுத்துப் போடுகிறவனுக்கு இருக்கிற கர்வம் இருந்தது. அந்தத் தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தார்களாமே. அவருக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் கூடி, பாய் விரித்து, வெற்றிலை வைத்து, இவளுக்குப் பேர் வைத்து, இவள் நம்முடையவள் என்று சொல்லியிருக்கிறது. யாருக்காக? அவர் கண் முன்னால் ஒருவன் வந்து நின்றான். இருபது வயது, ஆரஞ்சுக் கூடை, மலைக் குளிருக்குத் தோளில் ஒரு துணி. மீசை வைத்தார் வில்லவன், பிடிக்கவில்லை, எடுத்தார். எடுத்ததும் இன்னும் அழகாகிவிட்டான். அவன் வாயைத் திறந்தான், அந்த ஆறாவது உயிர் அவன் வாயில் தண்ணீர் மாதிரி போயிற்று. அவன் செத்திருப்பான், எழுபதை நெருங்கியிருப்பானே, இல்லை, பல் விழுந்து எங்காவது குந்தியிருப்பான். பல் விழுந்தாலும் அந்த உயிரைச் சொல்ல முடியும், அதற்குப் பல் வேண்டாம், நாக்குக்கூட வேண்டாம். இதை நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. பெண்ணடிமை பற்றிப் பதினாறு பக்கத்தில் துண்டறிக்கை எழுதியவன், ஒருத்தியின் பதினேழு வயதை அடுக்களையில் உட்கார்ந்து வேவு பார்க்கிறான். பார்க்கட்டும். எழுதியவன் வேறு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறவன் வேறு.

பட்டியல் முடிந்தது. “இப்போது தாங்கள் விரும்பியதைப் பேசுங்கள் பிபி, ஐந்து நிமிடம்,” என்று சபார் தமிழில் சொன்னது, இங்கே இருக்கிற பெங்கிலாவுக்கும் தெரியட்டும் என்றுதான். அவள் பேசினாள். இதுவரை ஒவ்வொன்றாக வந்தவை இப்போது கூட்டமாக வந்தன. முதல் ஒரு நிமிஷம் தட்டுத் தடுமாறிய குரல் பிறகு இறங்கியது, இளகியது, ஓரிடத்தில் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியாது. மகளோடு போனில் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை, பக்கத்து வீட்டுக்காரியோடு சிரிக்கிற சிரிப்பும் இல்லை. திடீரென்று அந்த வெள்ளத்துக்கு நடுவில் ‘வில்லவன்’ என்று கேட்டது. அவர் பேர்தான். அதற்குப் பின்னால் நான்கைந்து சொல், அப்புறம் சபார் சிரித்தான், சிரிப்பை அடக்கினான், அவளும் சிரித்தாள். வில்லவனின் கை சமையல் மேடையில் இருந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் பட்டது. பட்டது என்றுதான் அவர் பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டார். அது சிமெண்டுத் தரையில் விழுந்து, சுழன்று, நிற்பதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. “பெங்கிலா, ஓசை பதிவாகிவிட்டது,” என்றான் சபார், வருத்தமாக. அவள் திரும்பவில்லை. அரைக்கதவு வழியாக அவளுடைய முதுகும் கொண்டையும் தெரிந்தன. பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “ஏ சுவரே, யாருக்காச்சும் கூட்டம் போடணும்னா கடைத்தெருவுக்குப் போகச் சொல்லு. இங்க வேலை நடக்குது.”

எட்டு வருஷமாக இப்படித்தான். கயற்கண்ணி பூனாவில் ஓர் இந்திக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள், வில்லவன் போகவில்லை, தாரால் அழித்த எழுத்தை மருமகனாக வீட்டுக்குள் விடுவதா என்று கேட்டார், அவள் மட்டும் தனியாக ரயிலேறிப் போய்வந்தாள். வந்ததிலிருந்து அவரோடு நேராகப் பேசுவதில்லை. சுவரிடம் சொல்வாள், குக்கரிடம் சொல்வாள். ‘காபி ஆறுதுன்னு சொல்லு.’ ‘மாத்திரை தீந்துபோச்சுன்னு சொல்லு.’ வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறாள் என்று நினைத்தே அவர் அதற்குப் பழகிவிட்டிருந்தார். ஆனால் சபார் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, புதையலைக் கண்டவன்போல முகம் மலர்ந்து எழுந்தே நின்றுவிட்டான். “ரெபு! பிபி, இதை இன்னும் மறக்கவில்லையா?” என்றான். “என்னய்யா அது?” என்று கேட்டுக்கொண்டே வில்லவன் கூடத்துக்கு வந்தார். “எங்கள் ஊரில் சில உறவுகள் நேருக்கு நேர் பேசலாகாது பெங்கிலா. நடுவில் ஆள் வேண்டும். ஆள் இல்லையெனில் தூணிடம் சொல்வோம், சுவரிடம் சொல்வோம், மற்றவர் அதைக் கேட்டுக்கொள்வார். சினம் அன்று. மதிப்பு.” “எந்த உறவு?” “மாமியாரும் மருமகனும். மருமகளும் மாமனாரும். பெண்ணுக்கு மணம் பேசி முடித்த நாளிலிருந்தே, மாமனாருடன் அவள் இப்படித்தான் பேசிப் பழகுவாள். கணவன் மனைவிக்கு இது கிடையாது,” என்று சிரித்தவன், சொன்னது எங்கே போய் இறங்கியது என்று அப்போதுதான் கண்டு, சிரிப்பைப் பாதியில் விட்டான்.

மாமனாரோடு பேசிப் பழகுவாள். சுவரோடு பேச ஒருத்தி சும்மா கற்றுக்கொள்வதில்லை. எதிரில் ஒரு மாமனார் இருக்க வேண்டும், அவருக்கு ஒரு வீடு இருக்க வேண்டும், வீட்டில் தூண் இருக்க வேண்டும், அந்த மாமனாருக்கு ஒரு மகன் இருக்க வேண்டும். பெரும்பாலும். எட்டு வருஷமாக அவருக்குக் காபி ஆறுகிறது என்று சொன்னதெல்லாம் அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சு. பலகை மாட்டினார், சொல்லைத் தடுத்தார், அது சுவர் வழியாக வந்திருக்கிறது, தமிழைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. சபார் இதையெல்லாம் மறைக்கிறவன்போல அவசரமாகப் பேசினான். “ஐந்து நிமிடத்தில் நான்கு நன்றாக வந்துள்ளது, அது போதும். இறுதியாக ஒன்றே ஒன்று. ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். இந்த அறையின் அமைதியைப் பதிவு செய்வேன். ஒலியைப் பிரித்தெடுக்க அது தேவை.” அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவருக்கு நேராக உட்கார்ந்தாள். நடுவில் ஸ்டூல் மேல் மைக். சபார் கையைத் தூக்கினான், இறக்கினான். ஒரு நிமிஷம். கீரைக்காரி தெருக்கோடிக்குப் போய்விட்டாள். வில்லவன் வாழ்க்கையில் ஒரு மைக்குக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. பத்து வினாடி போயிருக்கும். இப்போது என்ன சொன்னாலும் இது வாங்கிக்கொள்ளும், நூறு வருஷம் இருக்கும், பன்னிரண்டு உயிர் பதினெட்டு மெய் என்று ஆரம்பிக்கலாம், மேடானில் கேட்கட்டும். இருபது வினாடி. அவள் கண் இமைக்கவில்லை. இவள் கண் இவ்வளவு பழுப்பா? இந்தக் கண்ணையும் அவன் பார்த்திருப்பான். முப்பது. வில்லவன் வாயைத் திறந்தார், மன்னார்குடியை எழுந்து நிற்க வைத்த குரலில் இரண்டே சொல்தான் வந்தது, அதுவும் உடைந்து வந்தது. “அவன் பேரு?”

சபார் கருவியை நிறுத்தப் போனான், அவள் கையைக் காட்டித் தடுத்தாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. குனிந்து, அந்தப் பஞ்சுத் தொப்பியிடம் சொன்னாள். “ஏ மைக்கே, கேக்குறவருக்குச் சொல்லு. ஆமா, கட்டிக்கத்தான் குலம் குடுத்தாங்க. எட்டு மாசம் அந்த வீட்டுல இருந்தேன். அப்பா கப்பல் சீட்டு வாங்கிட்டாரு, வந்துட்டேன். இந்த வீட்டுல அந்தப் பேச்சு ஆகாதுன்னாங்க, மூணாம் நாளே நிறுத்திட்டேன். பேரும் அந்தப் பேச்சுதானே, அதனால சொல்லல. இன்னைக்கு ரெண்டு மணி நேரம் ஒத்துக்கிட்டாங்க, இன்னும் கால் மணி இருக்கு.” பிறகு அந்தப் பேரைச் சொன்னாள். பட்டியல் சொல் மாதிரி மூன்று முறை, தெளிவாக, இடையில் நிற்காமல் சொன்னாள். ஓரசைப் பேர்தான். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் கொட்டிக் கவிழ்த்தாலும் அதை எழுத முடியாது. “மன்னிக்க வேண்டும், அமைதி கெட்டுவிட்டது. மறுபடியும் ஒரு நிமிடம்,” என்று சபார் கையைத் தூக்கினான், இறக்கினான். இந்த முறை வில்லவன் சத்தம் போடவில்லை. எதிரே அவள் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் திறந்தும் திறக்காமலும், உதடு குவியாமல், அந்தப் பேருக்காக அசைந்தது. உகரம் வந்தது. அழித்தார். அகரம் வந்தது. அழித்தார். கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.